மொசுங்வேயின் வெயில் அட்டைகள்

ஜூன் 3, திங்கள்

மொசுங்வே வந்து சேர்ந்தேன். தலைநகரிலிருந்து ஒன்பது மணி நேரம், கடைசி மூன்று மணி நேரம் மணலில். போட்ஸ்வானாவின் மேற்கே, கலஹாரிப் பாலையின் விளிம்பில் ஒரு வானிலை நிலையம், ஒரு மருத்துவமனை, ஒரு பெட்ரோல் பங்க், எண்ண முடியாத கழுதைகள். ஆண்டுக்கு மூவாயிரம் மணி நேரத்துக்கு மேல் வெயில் கொட்டும் ஊரில் மருத்துவமனை டீசல் ஜெனரேட்டரில் ஓடுகிறது. இதற்காக எவனும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

குளிர்கிறது. ஜூன் மாதத்தில் பல் கிட்டுகிறது. ஸ்வெட்டர் எடுத்துப் போ என்று கம்பெனியில் ஒருவன்கூடச் சொல்லவில்லை. ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. விடுதியில் வெந்நீர் இல்லை.

ஊருக்கு வெளியே பெரிய சூரிய மின்நிலையம் வரப்போகிறது. அதற்கு முன், இந்த மண்ணில் எவ்வளவு சூரியக் கதிர்வீச்சு விழுகிறது என்று ஒருவன் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒருவன் நான். ஐம்பத்து நான்கு வயதில், முனைவர் பட்டத்துடன், ஆறு மாத ஒப்பந்தக்காரன்.

ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள ஆறு நாடுகளுக்கு ஏற்கெனவே ஒரு கதிர்வீச்சு வரைபடம் இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணித்தது. கணித்தவர் பேராசிரியர் கிருபாகரன். அவரைப் பற்றி இன்று எழுத மாட்டேன். ஏற்கெனவே தலை வலிக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

நிலையத்தைப் பார்த்துக்கொள்பவள் தெபாட்சோ செபொனேகோ. ஐம்பத்தொன்பது வயது. அடுத்த மாதக் கடைசியில் ஓய்வு. இங்கே ஆணை 'ரா' என்றும் பெண்ணை 'மா' என்றும் மரியாதையாகச் சேர்த்துக் கூப்பிட வேண்டும். நான் ரா தாணு. தாணுமாலயன் என்ற முழுப் பெயரைச் சொல்லிப் பார்த்துவிட்டு, "உங்க அப்பாவுக்கு அவசரமே இல்ல போல, ரா" என்றாள்.

நான் தேடி வந்த பொக்கிஷம் அவளிடம்தான் இருக்கிறது. திறந்த வெளியில், தூண் மேல் ஒரு கண்ணாடி உருண்டை. அதன் பின்னால் வளைத்துச் செருகிய நீல அட்டை. உருண்டை வெயிலைக் குவித்து அட்டையைச் சுடும். சூரியன் நகர நகர, கருகிய கோடு நீளும். மேகம் வந்தால் கோடு அறுந்துவிடும். மாலையில் அட்டையை எடுத்துக் கோட்டை அளந்தால் அன்று எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது என்று தெரியும். மின்சாரம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். இருபத்தாறு ஆண்டுகளாகத் தினமும் ஓர் அட்டை. உறைபோட்டு, தேதியிட்டு, இரும்பு அலமாரி நிறைய. இந்த நாட்டின் மேற்கில் இவ்வளவு நீளமான தரைப் பதிவு வேறு கிடையாது.

ஒரு சிறு உரசல். வெப்பமானியை நானே படித்துப் பதிவேட்டில் எழுதினேன். ஒரு எண் பிசகிவிட்டது. பையில் இருந்த ஒயிட்னரைத் தடவி, மேலே சரியாக எழுதினேன். அவள் பதிவேட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இதுக்குக் கீழ என்ன இருந்துச்சு, ரா?"

"தப்பான எண்."

"அது எங்க?"

"அதான் தப்பு என்கிறேனே."

"தப்பும் இருக்கணும். மேல ஒரே ஒரு கோடு. பக்கத்துல சரியானது. உங்க இனிஷியல், நேரம். இருபத்தாறு வருஷமா இந்தப் புத்தகத்துல யாரும் வெள்ளையடிச்சதில்ல."

வளிமண்டல இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவனுக்குப் பள்ளி இறுதி வகுப்பு படித்தவள் பாடம் எடுக்கிறாள்.

ஜூன் 6, வியாழன்

அட்டைகளைக் கணினியில் ஏற்றும் வேலை. முதுகு போய்விட்டது. பீன்ஸும் சோளக்களியும் மூன்றாவது நாளாக.

பகவதி போன் செய்தாள். "அங்க என்ன செய்யுதிய?"

"குளிரில் நடுங்குகிறேன்."

"ஜூன் மாசத்துலயா? கேட்டா சிரிப்பாளுவ."

"பூமத்திய ரேகைக்குத் தெற்கே எல்லாம் தலைகீழ். இப்போது இங்கே குளிர்காலம். டிசம்பர்தான் கோடை."

"அப்பம் உங்களுக்கு ஏத்த ஊருதான்" என்றாள் என் மனைவி.

ஜூன் 7, வெள்ளி

அலுவலகத்திலிருந்து மறுபடி மின்னஞ்சல்: புதிய மென்பொருளைப் பயன்படுத்தவும். பதில் எழுதினேன்: மாட்டேன். 1997இல் தொடங்கி நாகர்கோவில் வீட்டு மாடியில், இரண்டு கோடைகள் உட்கார்ந்து நானே எழுதிய புரோகிராம் என்னிடம் இருக்கிறது. ஊர் பூமத்திய ரேகையிலிருந்து எத்தனை பாகை என்று கேட்கும், தேதியைக் கேட்கும், அன்று சூரியன் வானில் இருக்கக்கூடிய மணி நேரத்தைச் சொல்லும். அதோடு அட்டையின் மணி நேரத்தை ஒப்பிட்டால் கதிர்வீச்சை மதிப்பிடலாம். தமிழ்நாட்டில் முப்பத்தொரு நிலையங்களுக்கு ஓட்டியிருக்கிறேன். ஒருமுறைகூடப் பிசகியதில்லை. கிருபாகரனின் முதல் கட்டுரையில் வரும் சமன்பாடு எங்கிருந்து கிடைத்தது என்று அவரைக் கேட்க வேண்டும். நன்றியுரையில் தட்டச்சு செய்தவர் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை.

மொசுங்வே 22.6 பாகை. நாளை ஓட்டுகிறேன்.

ஜூன் 8, சனி

நானூற்றுப் பன்னிரண்டு நாட்கள்!

சூரியன் வானில் இருக்கவே முடியாத மணி நேரத்துக்கு அட்டை சுடப்பட்டிருக்கிறது. உதாரணம்: ஒரு டிசம்பர் நாள். அட்டையில் 12.8 மணி நேரம். புரோகிராம் சொல்கிறது, அன்று பகலே 10.6 மணி நேரம்தான். இரண்டு மணி நேரம் சூரியன் இல்லாமலேயே வெயில் அடித்திருக்கிறது!

எல்லாமே நவம்பர், டிசம்பர், ஜனவரி. அந்த மாதங்களில்தான் இங்கே மழை. மழை வந்தால் பாதி ஊர் வயலுக்குக் குடிபோய்விடுமாம், உழுது விதைக்க. செபொனேகோவுக்கும் வயல் உண்டு. பெட்ரோல் பங்கில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆக, அம்மையார் வயலுக்குப் போய்விட்டு, அப்புறம் வந்து உட்கார்ந்து, ஒரு லென்ஸை வைத்து அட்டைகளைச் சுட்டிருக்கிறார். கையை அடக்கத் தெரியாமல் கோட்டை நீட்டிவிட்டார்.

ஜூன் 9, ஞாயிறு

இன்னொன்றும் புரிந்துவிட்டது. கிருபாகரனின் வரைபடம் இந்த அட்டைகளோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஏன் பொருந்தாது? தரைப் பதிவுகளைத் தின்றுதானே செயற்கைக்கோள் கணக்கு வளர்கிறது. இவள் போட்ட பொய்யைத் தின்று ஒரு வரைபடம், அந்த வரைபடத்தை நம்பி ஆறு நாடுகள். என் மேல் அவர் சுமத்திய பழி இருபது ஆண்டுகள் கழித்து அவர் மடியிலேயே வந்து விழுந்திருக்கிறது.

சில உறைகளில் அட்டையே இல்லை. உள்ளே துண்டுத் தாள்: "பதிவு இல்லை. காய்ச்சல்." மூன்று உறைகளில் தொடர்ந்து: "பதிவு இல்லை. அம்மாவை அடக்கம் செய்யப் போனேன்." பொய் சுடுகிறவள் இதை மட்டும் ஏன் காலியாக விட்டாள்? வேறெதற்கு, நம்ப வைக்கத்தான். காலி இடம் ஒருவன் கண்ணை எப்படி உறுத்தும் என்று எனக்குத் தெரியும். அதை அப்படியே விட்டு வைக்கத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். கைதேர்ந்த பொய்க்காரி.

வானிலைத் துறைக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். நகல் கம்பெனிக்கு.

ஜூன் 13, வியாழன்

துறை வேகமாகத்தான் இருக்கிறது. 24ஆம் தேதி விசாரணை. அதிகாரி மொட்சுமி நேரில் வருகிறார். குற்றம் உறுதியானால் ஓய்வுக்கு முன்பே பணிநீக்கம். இந்த நிலையத்தின் பதிவுகள் முழுவதும் செல்லாதவையாக அறிவிக்கப்படும். மின்நிலையத்துக்கு வேறு ஊர் பார்ப்பார்கள்.

ஜூன் 14, வெள்ளி

அவள் என் கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"லென்ஸ் வெச்சு சுட்டேன்னு எழுதியிருக்கீங்க, ரா."

"ஆமாம்."

"மொசுங்வேல லென்ஸ் எந்தக் கடையில கிடைக்கும்னும் எழுதியிருக்கலாம். எனக்கு மூக்குக் கண்ணாடி வாங்கவே மூணு மணி நேரம் பஸ்ல போகணும்."

"மா, எண்கள் பொய் சொல்லாது."

"டிசம்பர்ல சூரியன் போற வரைக்கும் நிப்பேன். கொசு பிச்சுத் தின்னும். புருஷன் வயல்ல தனியா உழுதுட்டு, 'உனக்கு நான் புருஷனா, அந்தக் கண்ணாடிக் குண்டு புருஷனா'ன்னு கேப்பாரு. செத்துப்போயிட்டாரு. இப்ப கேக்க ஆளில்ல." கடிதத்தை நான்காக மடித்தாள். "நீங்க சொல்றது நெசம்னா நான் அந்தாளு கூடப் போய் உழுதிருக்கலாமே, ரா."

பதினொரு மணி அளவு எடுக்க நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

உணர்ச்சிப் பேச்சு. அறிவியலில் அதற்கு இடம் கிடையாது. இருந்தாலும் மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை. களி ஆறிப்போயிருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

கிருபாகரனைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

2004 ஜனவரி, சென்னை, கருத்தரங்கு. ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் நான் ஓராண்டு அளந்த கதிர்வீச்சுப் பதிவை வாசித்தேன். முடித்ததும் அவர் எழுந்தார். "தாணு, அக்டோபர் பதினொண்ணுலேர்ந்து இருபத்தொண்ணு வரைக்கும் மேகமெல்லாம் உங்களைக் கேட்டுத்தான் வந்து போச்சா? அவ்வளவு ஒழுங்கா இருக்கே?" நாற்பது பேர் சிரித்தார்கள். முன்வரிசையில் என் மாணவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு எனக்குப் பதவி உயர்வு இல்லை, ஆய்வுத் திட்டம் இல்லை. போட்டி போட்டவர்கள் எல்லாம் மேலே போனார்கள். நான் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் ஊர் ஊராகப் போனேன்.

அந்த அக்டோபரில் ஒரு சிறு இடைவெளி இருந்தது, அவ்வளவுதான். முன்னும் பின்னும் இருந்த நாட்களை வைத்து நிரவினேன். உலகத்தில் எல்லோரும் செய்வது.

ஜூன் 18, செவ்வாய்

பெட்ரோல் பங்கில் என் காருக்குக் காற்றடிக்க ஆள் வரவில்லை. காத்திருந்து நானே அடித்தேன். மருத்துவமனை நர்ஸ் வணக்கம் சொல்லாமல் கடந்து போனாள். இந்த ஊரில் கழுதைக்குக்கூட வணக்கம் சொல்வார்கள்.

ஜூன் 21, வெள்ளி

விசாரணைக்கு அட்டவணை தயார் செய்தேன். நானூற்றுப் பன்னிரண்டு நாட்கள். அட்டை சொன்ன மணி நேரம் ஒரு பக்கம், சூரியன் இருந்திருக்கக்கூடிய மணி நேரம் மறுபக்கம். நிலையத்து அச்சுப்பொறியில் எடுத்துக்கொண்டிருந்தேன். மொட்சுமிக்கு எளிதாக விளங்கட்டும் என்று கடைசியில் மாதிரிக்கு இன்றைய நாளையும் சேர்த்தேன்.

வெளியே மா செபொனேகோ தூணிலிருந்து அட்டையை உருவி, நாளைக்கானதைச் செருகிவிட்டு உள்ளே வந்தாள். உறையில் தேதி எழுதினாள். "சாவி ஆணியில தொங்குது, ரா. நான் கெளம்பறேன்." கம்பளியைப் போர்த்திக்கொண்டு போனாள்.

எழுத்து தெரியவில்லை. எழுந்து விளக்கைப் போட்டேன். திரும்ப வந்து தாளைக் கையில் எடுத்தேன்.

ஜூன் 21. பகல் நீளம் 13.4 மணி நேரம். சூரிய மறைவு மாலை 7.07.

கைக்கடிகாரத்தில் ஆறு இருபது. ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரம்.

சூரியன் இன்னும் மறையவில்லை என்று எழுதியிருக்கும் தாளை விளக்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 22, சனி

புரோகிராமில் பாகையை எழுதுகிற இடத்தில் கழித்தல் குறிக்கு இடமே வைக்கவில்லை. தமிழ்நாட்டில் எதற்கு வேண்டும்? முப்பத்தொரு நிலையமும் பூமத்திய ரேகைக்கு வடக்கே. தெற்கே இருக்கும் ஊருக்குக் கழித்தல் போட வேண்டும் என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடம். நான் 22.6 என்று மட்டும் எழுதினேன். அது மொசுங்வேயை வடக்கே தூக்கி வைத்து, கோடைக்குக் குளிர்காலத்தின் பகலைக் கொடுத்துவிட்டது. தலைகீழ் என்று பகவதிக்குப் பாடம் நடத்தியவன் நான்.

குறியைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த டிசம்பர் நாளில் பகல் 13.4 மணி நேரம், அட்டையில் 12.8. சூரியன் எழும்போதும் விழும்போதும் வெயிலுக்குச் சுடும் வலு இருக்காது. அந்த அரை மணி நேரம்தான் குறைகிறது. இருபத்தாறு ஆண்டுப் பதிவு; இதைவிடச் சுத்தமானதை நான் பார்த்ததில்லை. கிருபாகரனின் வரைபடமும் சரி. அதை எழுதும்போது பேனாவை உடைக்கத் தோன்றுகிறது.

மதியம் ஒரு கடிதம் எழுதினேன்: "கூடுதல் ஆய்வின் அடிப்படையில், என் முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்." ஒரே வாக்கியம். விசாரணை ரத்தாகும். அவள் நல்லபடியாக ஓய்வு பெறுவாள். புரோகிராம் என்றோ குறி என்றோ எவனுக்கும் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கும் நஷ்டமில்லை. நல்ல கடிதம்.

இன்னும் அனுப்பவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

பகவதியிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அந்தப் பொம்பளைக்கிட்ட சொன்னியளா?"

"கடிதத்தைத் திரும்பப் பெறப் போகிறேன். அது போதும்."

"அன்னைக்கு அந்தக் கிருபாகரன் பிற்பாடு வந்து, 'நான் சொன்னத திரும்ப எடுத்துக்கிடுதேன்'னு மட்டும் சொல்லியிருந்தா, உங்களுக்கு ஆறியிருக்குமா?"

"அவன் சொன்னதும் இதுவும் ஒன்றா?"

"இல்ல. அவரு சொன்னது உள்ளதுல்லா."

போனை வைத்துவிட்டேன். இருபது ஆண்டுகளாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஒருநாளும் சொன்னதில்லை.

ஜூன் 24, திங்கள்

காலை பத்து மணி. மொட்சுமி பெரிய மனிதர், குளிருக்கு மூன்று கோட்டு போட்டிருந்தார். மா செபொனேகோ தேவாலயத்துக்குப் போகும் உடையில் வந்திருந்தார். மடியில் பதிவேடு. ஜன்னலுக்கு வெளியே மருத்துவமனை நர்ஸ், பங்க்காரர், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். கழுதைகளும்.

ஒற்றை வாக்கியக் கடிதத்தை மொட்சுமியிடம் கொடுத்தேன். படித்தார். முகம் மலர்ந்தது. "அருமை. அப்போ பழைய கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுடலாம். எல்லாரும் டீ குடிக்கலாம்."

"கிழிக்க வேண்டாம், ரா மொட்சுமி" என்றார் மா செபொனேகோ.

"மா, உங்களுக்குச் சாதகமாத்தானே..."

"அதைக் கிழிச்சா, நான் செஞ்சேனா செய்யலையான்னு நாளைக்கு வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்? அவரு எழுதினது இருக்கட்டும். தப்புன்னா ஒரு கோடு போடட்டும். பக்கத்துல சரியானதை எழுதட்டும்." என்னைப் பார்த்தார். "கூடுதல் ஆய்வுங்கறீங்க. என்ன தப்பு, ரா? யாரோட தப்பு?"

கோபம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். அவர் மேல், மொட்சுமி மேல், ஜன்னலில் தெரிந்த முகங்கள் மேல். இந்த முறை நாற்பது பேர் இல்லை, பதினைந்து பேர் இருக்கும். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எழுந்து போயிருப்பேன்.

எழுந்து போக ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சொன்னேன். கழித்தல் குறியைச் சொன்னேன். புரோகிராமைச் சொன்னேன். வேறு மென்பொருளைப் பயன்படுத்தச் சொன்னதையும் நான் மறுத்ததையும் சொன்னேன். அதைச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. மொட்சுமிக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும், "அதாவது, மொசுங்வே எந்தப் பக்கம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியல" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

மா செபொனேகோ ஒரு பேனாவை நீட்டினார். என் கடிதத்தில், அவர் அட்டைகளைப் போலியாகச் சுட்டார் என்ற வாக்கியத்தின் மேல் ஒற்றைக் கோடு போட்டேன். ஓரத்தில் எழுதினேன்: "பதிவுகள் சரியானவை. பிழை என் கணக்கில். வ.தா."

அவர் வாங்கிப் பார்த்தார். "நேரம் எழுதல."

எழுதினேன். 10.52.

"மன்னியுங்கள், மா" என்றேன்.

"கேட்டுக்கிட்டேன், ரா" என்றார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. பதினொரு மணி அளவு எடுக்க எழுந்து போனார். ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்கள் வழிவிட்டார்கள்.

மாலை

மின்நிலையத்துக்கான மதிப்பீட்டைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். தரவு என்ற இடத்தில் எழுதியிருக்கிறேன்: தெபாட்சோ செபொனேகோ, மொசுங்வே, இருபத்தாறு ஆண்டுகள். நன்றியுரையில் அல்ல, அறிக்கையின் மேலட்டையிலேயே, என் பெயருக்கு மேலே. மறுப்பார்கள். மறுக்கட்டும், பார்க்கிறேன்.

இந்த நாட்குறிப்பில் 9ஆம் தேதிப் பக்கத்துக்குப் போனேன். கிழிக்கக் கை வந்தது. கிழிக்கவில்லை. 'கைதேர்ந்த பொய்க்காரி' மேல் ஒற்றைக் கோடு. வ.தா., ஜூன் 24, மாலை 5.40. வெளியே அவர் அட்டை மாற்றுகிற சத்தம் கேட்டது.

16ஆம் தேதிப் பக்கத்தில் 'ஒரு சிறு இடைவெளி' என்பதிலிருந்து 'எல்லோரும் செய்வது' வரை இன்னொரு கோடு. நாற்பது பேர் முன்னால் கிருபாகரன் அதைக் கேட்டிருக்க வேண்டாம்; தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அது இப்போதும் என் கருத்து. அதில் கோடு போட மாட்டேன்.

ஓரத்தில் சரியானது:

2003 அக்டோபர் 11 முதல் 21 வரை. பதிவு இல்லை. கருவி பழுது. வ.தா., மாலை 5.46.